மார்கழியில் தோட்டம் பார்க்கப் போனவர்கள்

– சட்டைய உள்ள வுட்டு பெல்ட்டு போட்டுக்கினா நீங்க ஓனர் ஆயிடுவீங்களா? கடையில புடவை விரிச்சிப் போடற சிவபாலன் இல்லன்னு ஆயிடுமா?

– மெதுவா பேசு இளவரசி. வேன்ல வந்தவங்க அல்லாரும் அங்கதான் நின்னு மோர் குடிச்சிக்கினு இருக்காங்க.

– குடிக்கட்டும். தோட்டத்துல பங்கு வாங்கறவங்களுக்குன்னு கம்பெனிக்காரன் வேன் வுட்டு சோறு போடறான். நாம வாங்கப் போறதும் இல்ல, வாங்கறதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. ஓசியில ஊரு சுத்த வந்துட்டு பசங்ககிட்ட பிக்னிக்குன்னு சொல்லியிருக்கீங்க.

– தோ பாரு. போன வாரம் சென்னையிலேர்ந்து ஒரு குடும்பம் வந்துது. ஏகாம்பரநாதரைப் பாத்துட்டு, கால் வலிக்குதுன்னு கடைக்குள்ள ஏறி ஏசியில குந்திக்கினாங்க. மலை மாதிரி புடவை விரிக்க வெச்சாங்க. காபி குடிச்சாங்க. பொண்ணு தோள்ல முந்தியப் போட்டுக்கினு போட்டோ எடுத்துது. அப்பறம் 'யோசிச்சி சொல்றோம்'னு எழுந்து போயிட்டாங்க. அத்தினியும் மடிச்சது யாரு? நான். என்னை யாராவது ஏம்பா, உனக்கு இடுப்பு வலிக்குதான்னு கேட்டாங்களா? இப்ப நாமளும் ஒரு நாளு பாத்துட்டு, யோசிச்சி சொல்றோம்.

– அவங்க பண்ணது உங்களுக்கு வலிச்சிதுல்ல? அதையே போயி இன்னொருத்தனுக்குப் பண்ணுவீங்களா?

– இங்க யாருக்கு வலிக்கப் போவுது? கம்பெனிக்காரன், வாரா வாரம் வேன் வுடறான். காலி சீட்டு நாலு இருந்தா அவனுக்குத்தான் கேவலம். அதுவும் இது மார்கழி மாசம். அட்வான்ஸ் குடுன்னு எவனும் கழுத்துல துண்டு போட முடியாது. 'மார்கழியில நல்ல காரியம் பேசறதில்ல சார், தை பொறக்கட்டும்'னா வாய மூடிக்குவான். அதுக்குத்தான் ஆடியும் மார்கழியுமா பாத்துப் பாத்து உங்களக் கூட்டினு வரேன்.

– ஐய. இந்த மூளைய வேற எதுலயாவது காட்டியிருந்தா நாம இன்னேரம் நெஜமாவே ரெண்டு மரம் வாங்கியிருக்கலாம்.

– பேசு. மத்த மாசத்துல எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கெடைக்குதா? முகூர்த்தம் இல்லாம கடையில ஈ ஓட்டிக்கினு இருக்கற மாசத்துலதான் முதலாளி லீவு குடுக்கறாரு. ஜீவிதா கிளாஸ்ல லீவுக்கு எங்க போனேன்னு கேட்டா ஒவ்வொண்ணும் ரிசார்ட்டு, ஊட்டின்னு அளக்குதுங்க. நம்ம பொண்ணு இன்னா சொல்லும்? அவ சேத்துல எறங்கி நாத்து நட்டாளே, அப்ப அவ மூஞ்சியப் பாத்தியா? மாட்டு வண்டியில யுவன் குதிச்ச குதியப் பாத்தியா?

– பாத்தேன். அதைப் பாத்துட்டுத்தான் இன்னும் வாய மூடிக்கினு இருக்கேன்.

– அம்மா! அம்மா! கன்னுக்குட்டி யுவன் கைய நக்கிடுச்சி! அவன் அழறான், சிரிக்கிறான், ரெண்டும் பண்றான்!

– கையக் கழுவச் சொல்லு ஜீவிதா. தண்ணித் தொட்டிக்கிட்ட அவனத் தனியா வுடாத.

– எங்கூட வேன்ல வந்தாளே ஏஞ்சல், அவ பாத்துக்கறாம்மா. அப்பா, வேன்ல மைக்குல பேசினாரே குரு அங்கிளு, அவரு என்னைக் கேட்டாரு, உங்க அப்பா இன்னா வேலைன்னு.

– நீ இன்னா சொன்னடா கண்ணு?

– பெரிய காஞ்சிபுரத்துல பட்டுக்கடை வெச்சிருக்காரு, ரெண்டு கடைன்னு சொன்னேன்.

– ரெண்டா? நான் ஒண்ணுன்னுதான சொல்லிக் குடுத்தேன்?

– ஒண்ணுன்னு சொன்னப்ப அவரு நம்பாத மாதிரி சிரிச்சாருப்பா. அதான் ரெண்டுன்னு மாத்திட்டேன். இன்னொண்ணு சின்னதுன்னும் சொன்னேன். அப்பத்தான் நம்புவாங்க.

– கேட்டீங்களா? காது குளிர கேட்டுக்குங்க. நாலாங்கிளாஸ் படிக்கிற புள்ள.

– கொழந்தை ஏதோ வெளாட்டுக்கு சொல்லுது. நீ போ ஜீவிதா, போயி கொய்யாக்கா பறி.

– இன்னொரு விஷயமும் கேட்டுக்குங்க. வேன்ல எம்பக்கத்துல குந்திக்கினு வந்துதே மேரின்னு ஒரு பொண்ணு, ஏஞ்சலோட அம்மா. அது நம்மள மாதிரி ஓசிக்கு வரல. நெஜமாவே வாங்க வந்திருக்குது. வீட்டுக்காரரு கம்பெனியில மெஷின்ல மாட்டிக்கினு பூட்டாராம். அதுக்கு கம்பெனி குடுத்த காச அப்படியே வெச்சிருக்குது. அது ஒண்ணுதான் அதுங்க ரெண்டுக்கும். 'அக்கா, உங்க வீட்டுக்காரரு பெரிய கடை வெச்சிருக்காரு, நாலும் விசாரிச்சித்தான வாங்குவாரு? அவரு எடுத்தா நானும் கண்ண மூடிக்கினு எடுத்துடுவேங்க்கா'ன்னு எங்கையப் புடிச்சிக்கினு சொல்லுது.

– நீ இன்னா சொன்ன?

– ஜன்னலுக்கு வெளிய பாத்தேன். வேற இன்னாத்த சொல்றது?

– சரி வுடு. நாம எடுக்கப் போறதில்லன்னு சாயங்காலம் அதுக்கே தெரிஞ்சிடும்.

– அப்பா, இங்க வா. இந்த மாங்கன்னு என்னுது.

– அப்படித்தான்மா சொல்லுவாங்க. புள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு கன்னு, அது பேர போட்டு ஒரு போர்டு. நீயும் ஒண்ணு நடு, போ.

– இல்லப்பா, இது ஏற்கெனவே என்னுது. ஆடி மாசம் வந்தோமே, அப்ப நான் நட்டது.

– அது வேற தோட்டம். அங்க வாசல்ல வேற பேரு இருந்துது.

– பேருதான் வேற. இன்னிக்கி வேன் பின்பக்கமா வந்துது, அதான் உனக்குத் தெரியல. அந்த பம்புசெட்டு செவுத்துல மயில் வரைஞ்சிருக்குது பாரு, அதுக்கு ஒரு காலுதான். அப்பவும் ஒரு காலுதான். இந்த போர்டப் பாரு. ஏஞ்சல்னு இப்பத்தான் எழுத வெச்சாங்க. பெயின்ட்டு இன்னும் காயல. அதுக்கு அடியில உத்துப் பாரு.

– ஜீ... வி...

– என் பேரு மேல வெள்ளையடிச்சிட்டாங்கப்பா.

– கத்தாத கண்ணு. யாராவது கேக்கப் போறாங்க.

– அது வளரவே இல்லப்பா. அப்ப எவ்ளோ இருந்துதோ இப்பவும் அவ்ளோதான். ஏன்னு பாக்க லேசா இழுத்தேன், முழுசா கையோட வந்துடுச்சி. அடியில பாரு, கருப்பு பை. வேரு மண்ணையே தொடல.

– கர்மம், கர்மம்! பையக் கிழிக்காம எவனாவது கன்னு நடுவானா? ஏன்டி, நடறப்ப நீ பாக்கலியா?

– அவங்களே குழியில வெச்சிட்டாங்கம்மா. என்னை மண்ணுதான் தள்ளச் சொன்னாங்க. அப்பறம் அல்லாரும் கை தட்னாங்க.

– அடேங்கப்பா! கில்லாடிப் பசங்கடா இவனுங்க. இளவரசி, இது அப்படியே எங்க வேலைதான். ஒரே புடவைய பத்து பேருகிட்ட விரிச்சி, 'இந்த டிசைன்ல இது ஒண்ணுதாம்மா இருக்குது'ன்னு சொல்லுவோம். பொண்ணு தோள்ல முந்தியப் போட்டுட்டா பாதி வியாபாரம் முடிஞ்சிது. இங்க புள்ள பேர எழுதிட்டா முடிஞ்சிது. எந்தத் தாயிக்காவது அத அழின்னு சொல்ல மனசு வருமா?

– சிரிக்கிறீங்களா நீங்க? அந்தப் பொண்ணு இப்பத்தான் ஏஞ்சல் பேரு போட்ட இந்த போர்டப் பாத்துட்டுக் கண்ண தொடச்சிக்கினு போச்சு. உங்களுக்கு சிரிப்பு வருதா?

– ஏய், கன்ன குழியில வை. ஆளு வராரு. அழாத ஜீவிதா, கண்ணத் தொடச்சிக்க.

– வாங்க சிவபாலன் சார்! மேடம், மோர் குடிச்சீங்களா? பசங்க செம ஹேப்பி போலருக்குது. எப்படி சார் நம்ம தோட்டம்?

– ஜோரா இருக்குது குரு சார். மண்ணு நல்ல மண்ணு. எனக்கு முழு திருப்தி. ஆனா பாருங்க, மார்கழி. எங்க ஊட்ல பெரியவங்க இருக்காங்க, மார்கழியில கைநீட்டிக் காசு குடுக்கக் கூடாதும்பாங்க...

– ஆடியில ஆடின்னீங்க. மார்கழியில மார்கழின்னு சொல்றீங்க.

– ஆடியிலயா? நானா? இல்லியே சார், நாங்க இப்பத்தான்...

– அன்னிக்கி நான் ஆபீஸ் ரூம்லேர்ந்து உங்களப் பாத்தேன், அர்ஜுனன்னு பேரு குடுத்தீங்க. அரிசி மண்டின்னு சொன்னீங்க. பரவால்ல சார், உக்காருங்க. ஏன் வேர்க்குது உங்களுக்கு? பாப்பா, நீ போயி ஏஞ்சல் கூட வெளாடு.

– நான் எங்கப்பா கூடவே இருக்கேன் அங்கிள்.

– சரி, இரு. சார், ஓப்பனா பேசறேன். என் தங்கச்சி சத்யப்ரியா கல்யாணத்துக்கு உங்க கடையிலதான் முகூர்த்தப் புடவை எடுத்தோம். நீங்கதான் விரிச்சிப் போட்டீங்க. ஒண்ணும் புடிக்கலன்னு நாங்க எழுந்துட்டோம். அப்ப ஒரு அரக்கு கலரு புடவைய எடுத்து அவ தோள்ல போட்டு கண்ணாடி முன்னாடி நிறுத்துனீங்க பாருங்க, எங்கம்மா அழுதுட்டாங்க. நெனச்சிக்கினு போனதுக்கு மேல டபுளா குடுத்து எடுத்தோம். அன்னிக்கே நெனச்சேன், இந்த மனுஷன் எங்க கம்பெனியில இருக்க வேண்டிய ஆளுன்னு.

– அப்ப... வேன்ல ஏறும்போதே உங்களுக்குத் தெரியுமா?

– தெரிஞ்சித்தான் ஏத்தினேன். தெரிஞ்சித்தான் மேடத்த மேரி மேடம் பக்கத்துல குந்த வெச்சேன்.

– மன்னிச்சிக்குங்க சார். பசங்க ஆசைப்பட்டுதுங்க, எங்கியும் கூட்டினு போவ முடியல. சாப்பாடு கூட வேணாம் சார், நாங்க இப்பவே கெளம்பிடறோம்.

– அட, மன்னிப்பெல்லாம் எதுக்கு? எனக்கு ஒரே ஒரு ஹெல்ப் பண்ணுங்க. மேரி மேடத்துக்கு எல்லாம் புடிச்சிருக்குது. அவங்க சர்ச்சுக்குப் போறவங்க, மார்கழி அது இதுன்னு அவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. ஆனா கூட ஆம்பள இல்ல, தனியா முடிவெடுக்க பயப்படறாங்க. 'அந்தப் பட்டுக்கடைக்காரரு எடுக்கறாரா'ன்னு அதையே கேட்டுக்கினு இருக்காங்க. நீங்க போயி ஒரு வார்த்தை சொல்லணும். நாங்க எடுத்துட்டோம்னு. அவ்ளோதான்.

– பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?

– காலையிலேர்ந்து இன்னா சொல்லிக்கினு இருக்கீங்க நீங்க? ஜெனியூனா சொல்றேன் சார், உங்களுக்குத்தான் நல்லது. இனிமே ஞாயித்துக்கிழமையானா வேன் உங்க ஊட்டு வாசலுக்கே வரும். பசங்களுக்கு சோறு, ஐஸ்கிரீம். உங்களையும் தனியா கவனிச்சிக்கறேன். ஆடி, மார்கழின்னு பாத்துக்கினு ஒளிஞ்சி வர வேணாம்.

– மாட்டேன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க தம்பி?

– நான் ரவுடியா மேடம்? ஒண்ணும் பண்ண மாட்டேன். உங்க வீட்டுக்காரரோட முதலாளிக்கு ஒரு போன் போடுவேன். 'உங்க கடைக்கு நான்தான் ஓனர்னு சொல்லிக்கினு ஒரு ஆளு குடும்பத்தோட ஊர் ஊரா சாப்ட்டுக்கினு இருக்கான் சார்'னு. அதுக்கப்பறம் அந்தத் தெருவுல எந்தக் கடையில இவர ஏத்துவாங்க, நீங்களே சொல்லுங்க. பொறுமையா பேசிக்கினு வாங்க. எல போடறதுக்குள்ள சொன்னா போதும்.

– அப்பா... குரு அங்கிள் போயிட்டாரு. உனக்கு வேலை பூடுமா?

– அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா.

– பூட்டா ஸ்கூல் மாத்திடுவியா? ஸ்கூல் வேன் வராதா?

– நீ போடா கண்ணு. தம்பி தனியா இருக்கான் பாரு. அம்மாவும் நானும் கொஞ்சம் பேசணும்.

– இன்னாங்க, இன்னா பண்ணப் போறீங்க?

– ஒரு வார்த்தைதான இளவரசி.

– இன்னா சொன்னீங்க?

– ஒரு வார்த்தைதானன்னேன். நான் சொல்லலன்னா அவன் வேற ஆள வெச்சி சொல்லப் போறான். அந்தப் பொண்ணு எப்படியும் மாட்டத்தான் போவுது. நடுவுல எம்பொழப்பு ஏன் போவணும்?

– சொல்லுங்க. போயி சொல்லிட்டு வந்து எம்மூஞ்சியில முழிங்க பாக்கலாம்.

– கடையில டெய்லி சொல்றது மட்டும் இன்னா? 'ஜரிகை கருக்கவே கருக்காதும்மா', 'உங்க கலருக்கு இதுதாம்மா எடுப்பு'. அந்தப் பொய்யிலதான இத்தினி வருஷம் நீயும் புள்ளைங்களும் துன்னீங்க?

– கருத்த புடவைய பீரோவுல போட்டுட்டு ரெண்டு திட்டு திட்டிட்டுப் போயிடுவாங்க. இது புருஷன் உசுருக்குக் கெடைச்சதுங்க. அத கொண்டாந்து பையோட நட்ட கன்னுக்கு அடியில போடப் போறா. நாளைக்கு அது புள்ளைய இழுத்துக்கினு நடுத்தெருவுல நின்னா, எங்கியாவது பஸ் ஸ்டாண்டுல நம்மளப் பாத்தா, 'அக்கா, நீங்க கூட சொல்லலியே'ன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? அப்பவும் ஜன்னல பாக்கட்டுமா?

– எனக்கு வேற இன்னா தெரியும் சொல்லு? மீச மொளைச்சதுலேர்ந்து அந்தக் கடைதான். விரிக்கத் தெரியும், மடிக்கத் தெரியும். அதுவும் போச்சுன்னா நான் எங்க போயி நிக்கிறது?

– நில்லுங்க, எங்கியாவது நில்லுங்க. நான் எங்கண்ணன் ஊட்டுத் தறிக்கு நூலு தார் சுத்தப் போறேன். ஸ்கூல் மாத்தலாம். வேன் வேணாம், பசங்க நடந்து போவட்டும். நானும் ஒண்ணும் ஒழுங்கு இல்ல. பசங்களுக்காகன்னு எம்மனசுக்கு நானே சாக்கு சொல்லிக்கினு, பவுடர் பூசிக்கினு உங்க பின்னாடியே வந்தேன்ல. எனக்கே என்னைப் பாத்தா அசிங்கமா இருக்குது.

– போதும், நிறுத்து.

– அழறீங்களா?

– இல்ல... ஆமா. அந்தப் பையன் என்னை நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் இளவரசி. எங்க கம்பெனியில இருக்க வேண்டிய ஆளுன்னு சொன்னான் பாரு. எம்பொண்ணு பாத்துக்கினு நிக்கும்போது என்னைப் பாராட்டிட்டாண்டி.

– கண்ணத் தொடைங்க. யாராவது பாக்கப் போறாங்க.

– பாக்கட்டும். நான் போறேன். நேரா மேரிகிட்ட போயி, 'அம்மா, நான் ஓனரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோத்துக்கு வந்தவன். உம்பொண்ணு பேரு போட்ட கன்ன இழுத்துப் பாரு, பையோட வரும். காச குடுக்காத'ன்னு சொல்லிடறேன். வேல போனா போவட்டும்.

– நெஜமாவா சொல்றீங்க?

– ஜீவிதாவயும் கூப்புடு. நான் ஒத்துக்கறத அவ பக்கத்துல நின்னு பாக்கணும். காலையிலேர்ந்து அவ எங்கிட்ட இன்னா கத்துக்கினாளோ, அத நானே அழிக்கணும். இவன் சோறு ஒரு பருக்கை வேணாம். ரோடு வரைக்கும் நடந்து, ஏனாத்தூர் வழியா காஞ்சிபுரம் போற பஸ்ஸப் புடிச்சி ஊட்டுக்குப் போலாம்.

– எனக்கு இது போதுங்க. கஞ்சி குடிச்சாலும் இது போதும். ஜீவிதா! ஏ ஜீவிதா! தம்பியையும் கூட்டினு வா!

– தோ வந்துட்டேம்மா! யுவன் பந்தியில குந்திட்டாம்மா, வர மாட்டேங்குறான். நீங்களும் சீக்கிரம் வாங்க. நமக்கு மட்டும் தலைவாழ எல. மத்தவங்களுக்கெல்லாம் பேப்பர் பிளேட்டு.

– சோறு கெடக்கட்டும்மா. மேரி ஆன்ட்டி எங்க? அப்பா அவங்ககிட்ட ஒண்ணு பேசணும். நீயும் வா.

– அவங்க ஆபீஸ் ரூம்ல இருந்தாங்கப்பா. இப்பத்தான் வெளிய வந்தாங்க. கையெழுத்து போட்டு, போன்லயே பணம் அனுப்பிட்டாங்க. அல்லாரும் கை தட்னாங்க.

– இன்னாது? அதுக்குள்ளயா? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே! யாரு சொன்னது அவங்ககிட்ட?

– நான்தாம்பா சொன்னேன்.

– நீயா? இன்னாடி சொன்ன?

– எங்கப்பா எடுத்துட்டாரு, ஏஞ்சல் மரத்துக்குப் பக்கத்து மரம் என்னுதுன்னு சொன்னேம்மா. நம்பாம போயிட்டாங்கன்னா? அதான் ஆடியிலயே எடுத்துட்டோம், பாருங்க எப்படி வளர்ந்திருக்குதுன்னு, பக்கத்துல ஆளு உசரத்துக்கு ஒரு கன்னு இருக்குதுல்ல, அத காட்டினேன். ஆன்ட்டி என்னைக் கட்டிப் புடிச்சிக்கினு முத்தா குடுத்தாங்க.

– அடிப்பாவி! யாருடி உன்ன சொல்லச் சொன்னது? அந்த குருவா?

– யாரும் சொல்லல. அப்பாவுக்கு வேலை போவக் கூடாதுல்ல.

– அடிக்காத இளவரசி! அவள அடிக்காத. கைய வுடு. அடிக்கிறதா இருந்தா என்னை அடி. நான் இப்பவே போயி மேரிகிட்ட சொல்றேன், பணத்தத் திருப்பிக் கேக்கலாம்...

– போவாதப்பா! நீ போயி சொன்னா நான் பொய் சொன்னேன்னு ஏஞ்சலுக்குத் தெரிஞ்சிடும். அவ என் கூட பேசவே மாட்டா.

– வழிய வுடு ஜீவிதா. அப்பா சொல்லியே ஆவணும்.

– வேணாம்பா, நீ பேசாத. பொய் சொல்றப்ப உனக்குக் குரல் மாறிப் போவுது, கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடுது. அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து நானே பேசிக்கறேன், நீ சும்மா பக்கத்துல சிரிச்சிக்கினு நில்லு.